உயரத்துக்குக் கட்டம் இல்லை

நீளம் பதினொன்று, அகலம் ஒன்பது.
பெருக்கினால் தொண்ணூற்று ஒன்பது.
நூறுக்கு ஒரு சதுர அடி குறைகிறதே என்று
வாடகையில் ஐம்பது குறைக்கச் சொன்னேன்.
கோயா சிரித்தார். குறைக்கவில்லை.

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால்
பூண்டு மண்டியாய் இருந்த அறை.
இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும்
மழை பிடித்துக்கொண்டால் சுவர்
பழைய சரக்கை நினைத்துக்கொள்ளும்.
பள்ளிக்கூடத்தில் ஜெனிட்டாவுக்குப் பெயர்
ரசப்பொடி.

நகராட்சியில் எனக்கு ஒப்பந்த வேலை,
வீட்டு வரிப் பதிவேடு எழுதுவது.
மேல் குன்னூரில் ஒரு பங்களா,
நாலாயிரத்து இருநூறு சதுர அடி.
வருடத்தில் பதினோரு நாள் புகைபோக்கி புகையும்.
மற்ற நாளெல்லாம்
காவலுக்கு இருக்கும் வேலப்பனும் அவர் ரேடியோவும்
விறகு அறையில்.
அதையும் என் கையெழுத்தில்தான் எழுதுகிறேன்,
எங்கள் தொண்ணூற்று ஒன்பதை எழுதும்
அதே விரற்கடைக் கட்டத்துக்குள்.

ஒரு மதியம் பேனா மை தீர்ந்து
தாளை வெறித்துக்கொண்டிருந்தபோது பட்டது.
நீளத்துக்கு ஒரு கட்டம்.
அகலத்துக்கு ஒரு கட்டம்.
உயரத்துக்குக் கட்டமே இல்லை.

அன்று ராத்திரி பாயில் மல்லாந்து
பெனடிக்டின் டார்ச்சை மேலே அடித்தேன்.
பதினான்கு அடி.
மூட்டைமேல் மூட்டை போடக் கட்டிய சுவர்.
ஸ்டவ்வின் சூடு, வடித்த கஞ்சியின் ஆவி,
நாங்கள் விட்ட மூச்சு எல்லாம்
அங்கே போய்க் குடியிருந்தது, வாடகை தராமல்.
கீழே மூன்று பேர்
இரண்டு கம்பளிக்கு இழுபறி.

சுகுமாரன் ஆசாரி வந்து அண்ணாந்து பார்த்தார்.
பரண் வேண்டாம், பாதி மாடியே போட்டுவிடலாம் என்றார்.
சில்வர் ஓக் பலகை.
ஏறும் படி ஒவ்வொன்றும் ஓர் இழுப்பறை:
முதல் படியில் அரிசி,
அடுத்ததில் செருப்பு,
மூன்றாவதில் ரேஷன் கார்டும் என் சங்கிலியின்
அடகு ரசீதும். அந்தச் சங்கிலிதான்
தலைக்கு மேலே பலகையாகக் கிடக்கிறது.
நான்காவது திறக்காது. அளவு பிசகிவிட்டது.
சுகுமாரன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மேலே நிமிர முடியாது. முழங்காலில்தான் நடமாட்டம்.
ஆனால் டிசம்பரில் கம்பளி ஒன்று மீந்தது.
தகரக் கூரை முகத்துக்கு ஒரு முழம்.
மழையின் ஒவ்வொரு சொட்டும்
யாருக்கோ கோபம்போலக் கேட்கும்.
எங்களுக்குள் சண்டை வந்தால்
ஒருவர் மேலே, ஒருவர் கீழே.
கடைசி வார்த்தையைச் சொல்ல எழுபவர்
நெற்றியை உத்தரத்தில் இடித்துக்கொள்வார்.
மற்றவர் சிரித்துத் தொலைப்பார்.

தை பிறந்ததும் கோயா டேப்போடு வந்தார்.
'இப்ப இது ரெண்டு ரூமில்லையா?'
'பதிவேட்டில் தொண்ணூற்று ஒன்பது.'
'மேலே இருக்கிறது?'
'அதுக்குக் கட்டம் இல்லை.'
செருப்புப் படியில் உட்கார்ந்து
டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.
கண் மட்டும் பலகையை எண்ணிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம்
பூட்டியே கிடந்த ஐந்து மண்டிகளையும் திறந்தார்.
சுகுமாரனுக்கு எட்டு வாரம் வேலை.
எங்கள் வாடகையும் முந்நூறு ஏறியது.
நான் சொல்லிக்கொடுத்த கணக்கு,
யாரிடம் போய் முறையிட?

இந்தப் பக்கம் ஒரு நர்ஸ், இரவு ஷிஃப்ட்.
அந்தப் பக்கம் பரோட்டா மாஸ்டர், மனைவி, இரட்டைப் பிள்ளைகள்.
அங்கே தும்மினால் இங்கே விளக்கு ஆடும்.
பத்து வருடமாக எலி மட்டும் புழங்கிய சந்தில்
காலையில் ஆறு குக்கர் விசில்.

நேற்று விடியலில் கதவைத் திறந்தால்
சந்தைக் காணோம்.
சிம்ஸ் பூங்காப் பக்கமிருந்து இறங்கியிருக்க வேண்டும்,
ஒரு காட்டெருமை.
வாசல் முழுக்கக் கறுத்த விலா
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
ஆறு கதவும் ஒரு சாண் திறந்து
அப்படியே நின்றன.
பால் வண்டிக்கு நேரமாச்சு என்று பெனடிக்ட்
அதற்குக் கேட்காதபடி என் காதில் சொன்னான்.
மார்க்கெட்டில் எடுத்த கோஸ் இலையை
அது அவசரமில்லாமல் மென்றது.

ஜெனிட்டா மேலே ஏறி
காற்றுப் பொத்தலில் முகம் வைத்துப் பார்த்தாள்.
வெகு நேரம் பார்த்தாள்.
'அம்மா,' என்றாள் மெதுவாக,
'முதுகுமேல ரெண்டு பேர் படுக்கலாம்.'